பத்திரமும் அமானிதமும்: நீதியரசர் சையித் அமீர் அலீயின் வாழ்க்கை

குடும்பத் தலைவர் மவ்த்தாகிவிடுகிறார். பிள்ளைகள் சிறியவர்கள். கடன்காரர்கள் வாசலில் நிற்கிறார்கள். மூத்த பெண்ணுக்கு நிக்காஹ் பேசி முடித்தாயிற்று. வேறு வழி தெரியாத தாய், தனக்காகவும் மைனர் பிள்ளைகளுக்காகவும் தானே கையெழுத்துப் போட்டு நிலத்தை விற்றுவிடுகிறார். சார்பதிவாளர் அலுவலகத்தில் பத்திரமும் பதிவாகிவிடுகிறது. வாங்கியவர் வீடு கட்டிக் குடியேறுகிறார். வருடங்கள் பல கழிந்தபின் அந்தப் பிள்ளைகளில் ஒருவர் நீதிமன்றம் வருகிறார். தன் பங்கை விற்கத் தன் தாய்க்கு உரிமை இருக்கவில்லை என்கிறார். அநேகமாக அவருக்குச் சாதகமாகவே தீர்ப்பு வருகிறது. பணம் கொடுத்து வாங்கியவர் திகைத்து நிற்கிறார்.

நம் ஊர்களில் அடிக்கடி கேள்விப்படும் இந்த வழக்குகளுக்கு அடிப்படையான தீர்ப்பு 1918ஆம் ஆண்டு லண்டனில் எழுதப்பட்டது. எழுதியவர் வங்காளத்தில் படித்து வளர்ந்த ஒரு முஸ்லிம் நீதிபதி. அவர்தான் சையித் அமீர் அலீ. இஸ்லாமிய வரலாறு பற்றிய அவருடைய ஆங்கில நூல்களால் உலகம் அவரை அறியும். ஆனால் நம் வீட்டுப் பத்திரப் பெட்டிக்குள் அவருடைய உழைப்பு எவ்வளவு இருக்கிறது என்பதை நம்மில் பலர் அறிந்ததில்லை.

ஒரு வக்ஃபின் நிழலில்

அமீர் அலீ 1849 ஏப்ரல் 6 அன்று ஒரிசாவின் கட்டாக் நகரில் பிறந்தார். தந்தை சையித் சஆதத் அலீ. அவத் பகுதியிலிருந்து கிழக்கே வந்த ஷியா குடும்பம் அது. பின்னர் குடும்பம் வங்காளத்தில் ஹூக்ளி நதிக்கரையில் உள்ள சின்சுராவில் குடியேறியது. அமீர் அலீயின் படிப்பு ஹூக்ளி கல்லூரியில் நடந்தது.

அந்தக் கல்லூரியின் கதையே சொத்துச் சட்டத்தில் ஒரு பாடம். ஹூக்ளியில் ஹாஜி முஹம்மது முஹ்சின் என்ற செல்வந்தர் வாழ்ந்தார். திருமணம் செய்துகொள்ளாதவர். 1806இல் தம் பெரும் சொத்துகளை வக்ஃபாக எழுதி வைத்துவிட்டு 1812இல் காலமானார். அவருக்குப் பின் வந்த முதவல்லிகள் சொத்தை முறையாக நிர்வகிக்கவில்லை என்று புகார் எழுந்து, அரசு தலையிட்டது. வழக்கு பிரிவி கவுன்சில் வரை போய் 1835இல்தான் முடிந்தது. அதுவரை சேர்ந்திருந்த வருமானத்தைக் கொண்டு 1836இல் ஹூக்ளி கல்லூரி திறக்கப்பட்டது. ஒரு மனிதர் எழுதிய பத்திரம், அவர் மறைந்து கால் நூற்றாண்டு கழித்து ஒரு கல்லூரியாக எழுந்து நின்றது. அதே பத்திரம், பொறுப்பற்ற நிர்வாகத்தால் அத்தனை காலம் பயனற்றும் கிடந்தது. இந்த இரண்டு உண்மைகளையும் அமீர் அலீ மாணவப் பருவத்திலேயே அருகிருந்து அறிந்திருந்தார். ஹூக்ளி இமாம்பாராவின் முதவல்லியான மௌலவி சையித் கராமத் அலீ அவருக்கு ஆசானைப் போல இருந்தார். பிற்காலத்தில் 1876 முதல் 1904 வரை அந்த இமாம்பாராவின் நிர்வாகக் குழுவுக்கு அமீர் அலீயே தலைமை வகித்தார்.

அவர் வளர்ந்த வங்காளத்தில் இன்னொரு காயமும் ஆறாமல் இருந்தது. முகலாயர் காலத்தில் ஆலிம்களுக்கும் மதரஸாக்களுக்கும் பள்ளிவாசல்களுக்கும் வரியில்லா நிலங்கள் மானியமாக வழங்கப்பட்டிருந்தன. 1819, 1828ஆம் ஆண்டு ஒழுங்குமுறைச் சட்டங்களின்படி கம்பெனி அரசு அந்த நிலங்களுக்கெல்லாம் மூல ஆவணம் கேட்டது. ஸனத் என்னும் அந்த அரச ஆவணத்தைக் காட்ட முடியாதவர்களின் நிலங்களுக்கு வரி விதிக்கப்பட்டது. தலைமுறை தலைமுறையாக அனுபவித்து வந்தவர்களிடம் காகிதம் இல்லை. கரையான் தின்றது பாதி, வெள்ளமும் தீயும் கொண்டுபோனது பாதி. பல பழைய குடும்பங்கள் வறுமையில் விழுந்தன. அந்த வருமானத்தில் நடந்த மதரஸாக்கள் மூடப்பட்டன. அனுபவம் மட்டும் போதாது, ஆவணமும் வேண்டும் என்பதை அந்தச் சமூகம் பெரும் விலை கொடுத்துக் கற்றது. 1882இல் முஸ்லிம்களின் நிலை குறித்து வைஸ்ராய் ரிப்பன் பிரபுவிடம் அமீர் அலீயின் அமைப்பு அளித்த மனுவில் இந்த இழப்பும் இடம்பெற்றது.

வழக்கறிஞரும் ஆசிரியரும்

1867இல் பட்டம் பெற்ற அவர் 1868இல் வரலாற்றில் முதுகலையும் 1869இல் சட்டமும் முடித்தார். அரசு உதவித்தொகையில் லண்டன் சென்று 1873இல் பாரிஸ்டரானார். நபி (ஸல்) அவர்களின் வாழ்க்கை பற்றிய தம் முதல் ஆங்கில நூலையும் அதே ஆண்டில் வெளியிட்டார். அப்போது அவருக்கு வயது 24. நாடு திரும்பியதும் கல்கத்தா உயர் நீதிமன்றத்தில் தொழிலைத் தொடங்கினார்.

நீதிமன்றத்தில் அவர் கண்ட குறை ஒன்று அவரை உறுத்தியது. வாரிசுரிமை, நிக்காஹ், ஹிபா, வக்ஃப் ஆகியவற்றில் முஸ்லிம்களுக்கு ஷரீஅத் சட்டமே பொருந்தும் என்று ஆங்கிலேய அரசு ஒப்புக்கொண்டிருந்தது. ஆனால் தீர்ப்புச் சொல்லும் நீதிபதிகளுக்கு அரபு தெரியாது. ஹிதாயாவின் ஆங்கில மொழிபெயர்ப்பு போன்ற ஒன்றிரண்டு நூல்களே அவர்களுக்கு ஆதாரம். முன்பு நீதிமன்றங்களில் இருந்த முஃப்திகளும் காழிகளும் 1864க்குப் பின் அந்தப் பணியிலிருந்து நீக்கப்பட்டுவிட்டார்கள். ஃபிக்ஹ் நூல்களில் தெளிவாக இருந்த விஷயங்கள்கூட நீதிமன்றத்தில் தவறாகப் புரிந்துகொள்ளப்பட்டன.

இதைச் சரிசெய்ய அமீர் அலீ பேனாவை எடுத்தார். 1880இல் முஸ்லிம் தனியார் சட்டம் பற்றிய நூல் வந்தது. 1884இல் கல்கத்தா பல்கலைக்கழகத்தின் தாகூர் சட்டச் சொற்பொழிவுகளை நிகழ்த்தும் வாய்ப்பு அவருக்குக் கிடைத்தது. அவர் எடுத்துக்கொண்ட பொருள்: முஸ்லிம்களிடையே ஹிபா, வக்ஃப், வஸிய்யத். மனிதன் தன் சொத்தை அடுத்தவரிடம் ஒப்படைக்கும் மூன்று வழிகள். ஹனஃபி, ஷாஃபிஈ, மாலிகி, ஷியா மத்ஹபுகளின் அரபு மூலநூல்களிலிருந்து ஆதாரங்களைத் திரட்டி ஆங்கிலத்தில் தந்தார். அந்தச் சொற்பொழிவுகள் விரிந்து, பின்னர் இரண்டு பாகங்கள் கொண்ட சட்ட நூலாகின. இந்திய நீதிமன்றங்கள் இன்றும் அதை மேற்கோள் காட்டுகின்றன.

ஹிபா பற்றி அந்தச் சட்டம் சொல்வது நம் குடும்பங்கள் எல்லாம் அறிந்திருக்க வேண்டியது. கொடுப்பவர் கொடுத்தேன் என்று தெளிவாக அறிவிக்க வேண்டும். பெறுபவர் ஏற்றுக்கொள்ள வேண்டும். சொத்து கைமாற வேண்டும். மூன்றும் நிறைவேறினால்தான் ஹிபா முழுமையடையும். நாட்டின் பொதுச் சட்டமான 1882ஆம் ஆண்டு சொத்து மாற்றச் சட்டம், அசையாச் சொத்தைத் தானமாகக் கொடுக்கப் பதிவு செய்த பத்திரம் வேண்டும் என்கிறது. ஆனால் அதன் 129ஆம் பிரிவு முஸ்லிம்களின் ஹிபாவுக்கு விலக்கு அளிக்கிறது. ஷரீஅத் நிபந்தனைகள் நிறைவேறியிருந்தால், எழுத்தில் இருக்கும் ஹிபாகூடப் பதிவாகவில்லை என்ற ஒரே காரணத்தால் செல்லாமல் போகாது என்று உச்ச நீதிமன்றம் 2011இல் தெளிவுபடுத்தியது.

இதன் மறுபக்கத்தைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள். பத்திரம் எழுதி, முத்திரைத் தீர்வை கட்டி, பதிவும் செய்துவிட்டு, கொடுத்தவரே கடைசி வரை வாடகையை வாங்கி, வரியைக் கட்டி, சாவியையும் தம் இடுப்பிலேயே வைத்திருந்தால் அந்த ஹிபா கேள்விக்குள்ளாகும். அவர் மவ்த்தான மறுநாள், அந்தச் சொத்து எல்லா வாரிசுகளுக்கும் உரியது என்று மற்றவர்கள் வாதிடலாம். ஒரே வீட்டில் சேர்ந்து வாழும் தந்தை மகன், கணவன் மனைவி இடையிலும், மைனர் பிள்ளைக்குத் தந்தை கொடுக்கும்போதும் கைமாற்றம் பற்றிய விதி சற்று இளகும். ஆனாலும் கொடுத்துவிட்ட எண்ணம் செயலில் தெரிய வேண்டும்.

பிரிக்கப்படாத பங்கைக் கொடுப்பதில் மத்ஹபுகளுக்கிடையே வேறுபாடு உண்டு. பிரிக்கக்கூடிய சொத்தில் பிரிக்காத பங்கை ஹிபா செய்வதை ஹனஃபி சட்டம் கட்டுப்படுத்துகிறது. ஷாஃபிஈ சட்டம் இதில் தாராளமானது. கடற்கரை ஊர்களில் ஷாஃபிஈகளும் உள்நாட்டு ஊர்களில் ஹனஃபிகளும் மிகுந்து வாழும் நமக்கு இது வெறும் கிதாபு விஷயம் இல்லை.

உழுபவனின் உரிமை

1883 முதல் 1885 வரை அமீர் அலீ வைஸ்ராயின் சட்டமன்ற உறுப்பினராக இருந்தார். அப்போது அவையின் முன் இருந்த பெரிய விவகாரம் வங்காளக் குத்தகைச் சட்டம். 1793ஆம் ஆண்டின் நிரந்தர நிலவரித் திட்டம் ஜமீன்தார்களை நிலத்தின் உரிமையாளர்களாக்கியிருந்தது. காலம் காலமாக உழுதுவந்த குடியானவர்கள், அவர்களில் கிழக்கு வங்காளத்து முஸ்லிம்கள் ஏராளம், எந்நேரமும் வெளியேற்றப்படலாம் என்ற அச்சத்தில் வாழ்ந்தார்கள். அமீர் அலீ குடியானவர்களின் பக்கம் நின்று வாதாடினார். 1885இல் நிறைவேறிய சட்டம், ஒரு கிராமத்தில் 12 ஆண்டுகள் தொடர்ந்து நிலம் வைத்திருந்த குடியானவருக்கு நிலையான அனுபவ உரிமையைக் கொடுத்தது. பிற்காலத்தில் இன்னொரு அறிஞரோடு சேர்ந்து அந்தச் சட்டத்துக்கு விரிவான உரையும் எழுதினார்.

தனித்து நின்ற தீர்ப்பு

1890இல் அவர் கல்கத்தா உயர் நீதிமன்ற நீதிபதியானார். அந்த நீதிமன்றத்தின் முதல் முஸ்லிம் நீதிபதி அவரே. அவருடைய வாழ்வின் பெரும் போராட்டம் அந்த நாற்காலியில்தான் தொடங்கியது.

பிரச்சினை வக்ஃப் அலல் அவ்லாத் எனப்படும் குடும்ப வக்ஃப். ஒருவர் தம் நிலத்தை அல்லாஹ்வுக்காக வக்ஃப் செய்கிறார். அதன் வருமானம் தம் பிள்ளைகளுக்கும் அவர்களின் சந்ததிக்கும் சேர வேண்டும், சந்ததி அற்றுப்போனால் ஏழைகளுக்குச் சேர வேண்டும் என்று எழுதுகிறார். நிலத்தை யாரும் விற்க முடியாது. பங்கு போட்டுத் துண்டாக்கவும் முடியாது. பல நூற்றாண்டுகளாக முஸ்லிம் நாடுகளில் நடைமுறையில் இருந்த முறை இது.

ஆங்கிலேய நீதிபதிகளுக்கு இது விளங்கவில்லை. தர்மம் என்றால் ஊருக்குச் செய்வது, சொந்தப் பிள்ளைக்குச் செய்வது எப்படி தர்மமாகும் என்று கேட்டார்கள். சொத்தை என்றென்றைக்கும் ஒரே குடும்பத்தில் கட்டிப்போடுவதை அவர்களுடைய நாட்டுச் சட்டம் வெறுத்தது. கடன்காரர்களை ஏமாற்றச் சிலர் வக்ஃபை மறைப்பாகப் பயன்படுத்தியதும் உண்மைதான். அதனால் அவர்களின் சந்தேகம் வலுத்தது.

1893இல் இந்தக் கேள்வி கல்கத்தா உயர் நீதிமன்றத்தின் முழு அமர்வுக்கு வந்தது. பெரும்பான்மை நீதிபதிகள் குடும்ப வக்ஃபுக்கு எதிராக முடிவெடுத்தார்கள். அமீர் அலீ மாறுபட்டு நீண்ட தீர்ப்பு எழுதினார். இஸ்லாத்தில் தர்மம் என்ற சொல்லுக்கே பொருள் விரிந்தது, தன் குடும்பத்தையும் உறவினரையும் பிறர் கையேந்தாமல் காப்பதும் அதில் அடங்கும் என்று ஃபிக்ஹ் நூல்களிலிருந்து எடுத்துக் காட்டினார். கைபரில் தமக்குக் கிடைத்த நிலத்தை உமர் (ரலி) அவர்கள் என்ன செய்தார்கள் என்பதை நாம் அறிவோம். நபி (ஸல்) அவர்களின் ஆலோசனைப்படி நிலத்தை நிறுத்திவைத்து விளைச்சலைத் தர்மமாக்கினார்கள். விற்கக் கூடாது, அன்பளிப்பாகக் கொடுக்கக் கூடாது, வாரிசுரிமையாகவும் ஆகக் கூடாது என்று நிபந்தனையிட்டார்கள். பயன்பெறுவோரின் வரிசையில் ஏழைகளோடும் வழிப்போக்கர்களோடும் உறவினர்களும் இருந்தார்கள். அபூதல்ஹா (ரலி) அவர்கள் தமக்கு மிகவும் பிடித்த பைருஹா தோட்டத்தை அல்லாஹ்வுக்காகக் கொடுத்தபோது, அதை அவருடைய உறவினர்களுக்கே பங்கிடுமாறு நபி (ஸல்) அவர்கள் வழிகாட்டினார்கள்.

அடுத்த ஆண்டே, 1894இல், பிரிவி கவுன்சில் இன்னொரு வழக்கில் கதவை இறுக அடைத்தது. இரண்டு சகோதரர்கள் சேர்ந்து எழுதிய வக்ஃப் பத்திரம் அது. பிள்ளைகளுக்கும் சந்ததிக்கும் பிறகு, கடைசியில் விதவைகளுக்கும் யதீம்களுக்கும் ஏழைகளுக்கும் என்று எழுதியிருந்தார்கள். ஏழைகளின் பங்கு எட்டாத தொலைவில் வைக்கப்பட்டிருக்கிறது, ஆகவே இது பெயரளவிலான தர்மம்தான் என்று சொல்லி அந்த வக்ஃபைப் பிரபுக்கள் செல்லாததாக்கினார்கள். அமீர் அலீ முந்தைய ஆண்டு எழுதியிருந்த கருத்தை அவர்கள் படித்துப் பார்த்தும் ஏற்கவில்லை.

அந்தத் தீர்ப்பின் விளைவு வீடுகளுக்குள் எதிரொலித்தது. பாட்டனார் வக்ஃப் என்று நம்பிக் கட்டிவைத்த சொத்துகள் சாதாரணச் சொத்துகளாயின. கடனுக்காக ஏலம் விடப்பட்டன. பங்கு பங்காகச் சிதறின.

சட்டம் திருந்தியது

1904இல் நீதிபதி பதவியிலிருந்து ஓய்வு பெற்ற அமீர் அலீ, மனைவி மக்களோடு இங்கிலாந்தில் குடியேறினார். ஓய்வு என்பது பெயரளவுக்குத்தான். லண்டன் முஸ்லிம் லீக், லண்டனில் பள்ளிவாசல் கட்டுவதற்கான நிதி, போர்களில் காயம்பட்ட முஸ்லிம்களுக்கு உதவிய பிரிட்டிஷ் செம்பிறைச் சங்கம் என்று ஓயாமல் உழைத்தார். வக்ஃப் விஷயத்தையும் அவர் கைவிடவில்லை. கட்டுரைகளிலும் நூலின் புதிய பதிப்புகளிலும் அந்தத் தீர்ப்பின் பிழையைத் தொடர்ந்து எடுத்துக் கூறினார்.

இந்தியாவில் அல்லாமா ஷிப்லி நுஃமானி ஆலிம்களின் கருத்தைத் திரட்டினார். மத்திய சட்டமன்றத்தில் முஹம்மது அலீ ஜின்னா 1911இல் மசோதா கொண்டுவந்தார். 1913 மார்ச்சில் முஸ்லிம் வக்ஃப் செல்லுபடியாக்கும் சட்டம் நிறைவேறியது. இறுதிப் பயன் ஏழைகளுக்கோ நிலையான மார்க்கப் பணிக்கோ உரியதாக இருக்குமானால், குடும்பத்தாருக்காகவும் சந்ததிக்காகவும் வக்ஃப் செய்வது செல்லும் என்று அது கூறியது. தம் வாழ்நாள் பராமரிப்புக்கென்று வக்ஃபில் ஒதுக்கிக்கொள்ளும் உரிமையை அந்தச் சட்டம் ஹனஃபிகளுக்கு மட்டுமே குறிப்பிட்டது. மத்ஹபு வேறுபாட்டைச் சட்டம் அந்த அளவுக்குக் கவனித்தது. இருபது ஆண்டுகளுக்கு முன் சிறுபான்மையாக நின்ற நீதிபதியின் கருத்து, இப்போது நாட்டின் சட்டமாகியிருந்தது.

அதிலும் ஒரு குறை தங்கியது. சட்டம் வருவதற்கு முன் எழுதப்பட்ட வக்ஃபுகளுக்கு அது பொருந்தாது என்று 1922இல் பிரிவி கவுன்சில் முடிவு செய்தது. பழைய வக்ஃபுகளையும் சேர்த்துக்கொள்ளும் சட்டம் 1930இல்தான் வந்தது. அதைக் காண அமீர் அலீ உயிரோடு இல்லை.

யதீமின் பங்கு

1909இல் அமீர் அலீ பிரிவி கவுன்சிலின் நீதிக்குழுவில் நியமிக்கப்பட்டார். இந்தியர் ஒருவர் அந்த இடத்தில் அமர்ந்தது அதுவே முதல் முறை. தம் மாறுபட்ட தீர்ப்பை ஒதுக்கித் தள்ளிய அதே மன்றத்தில், பதினைந்து ஆண்டுகள் கழித்து அவர் நீதிபதியாக நுழைந்தார்.

அங்கிருந்துதான் 1918இல் இமாம்பந்தி வழக்கின் தீர்ப்பை எழுதினார். விதவை ஒருவர், இறந்துபோன கணவரின் சொத்தில் தம் பங்கையும் தம் மைனர் பிள்ளைகளின் பங்கையும் சேர்த்து விற்றிருந்தார். மைனர்களின் பங்கு விற்பனை செல்லுமா என்பதே கேள்வி. அதுவரை உயர் நீதிமன்றங்கள் ஆளுக்கொரு விதமாகச் சொல்லி வந்தன. பிள்ளைக்கு நன்மையாக இருந்தால் தாய் விற்றது செல்லும் என்பது சிலருடைய கருத்து.

அமீர் அலீ ஷரீஅத்தின் மூலங்களுக்குச் சென்று ஒரு வேறுபாட்டைத் தெளிவாக்கினார். சிறு பிள்ளையைத் தன்னோடு வைத்து வளர்க்கும் உரிமை தாய்க்கு உண்டு. பிள்ளையின் சொத்துக்குப் பொறுப்பாளராக இருப்பது வேறு விஷயம். சொத்துக்குச் சட்டப்படியான வலி தந்தை. அவருக்குப் பின் அவர் வஸிய்யத்தில் நியமித்தவர். பிறகு தந்தையின் தந்தை, அவர் நியமித்தவர். இவர்கள் யாரும் இல்லையென்றால் முற்காலத்தில் காழி, இக்காலத்தில் நீதிமன்றம் நியமிப்பவர். தாயோ, அண்ணனோ, மாமாவோ, பெரியப்பாவோ பிள்ளையை எவ்வளவு பாசத்தோடு வளர்த்தாலும், நியமனம் இல்லாமல் பிள்ளையின் நிலத்தை விற்கவோ அடமானம் வைக்கவோ அதிகாரம் இல்லை. பிள்ளையின் உணவு, உடை போன்ற அவசரத் தேவைக்கு அசையும் பொருள்களைக் கையாள்வது வரைதான் அவர்களுக்கு அனுமதி உண்டு. சட்டப்படியான வலிகூட அசையாச் சொத்தை நினைத்தபோதெல்லாம் விற்க முடியாது. இரு மடங்கு விலை கிடைப்பது, பிள்ளையின் பராமரிப்புக்கு வேறு வழியே இல்லாதது, இறந்தவரின் கடனை அடைக்க வேறு சொத்து இல்லாதது போன்ற வரையறுத்த காரணங்கள் வேண்டும்.

கடுமையான தீர்ப்பு என்று தோன்றலாம். நல்ல நோக்கத்தோடு விற்ற தாயை இது தண்டிக்கவில்லையா என்றும் கேட்கலாம். ஆனால் யதீமின் சொத்தைப் பற்றிக் குர்ஆன் எவ்வளவு கடுமையாக எச்சரிக்கிறது என்பதை அறிந்தவர்களுக்கு அதன் நியாயம் புரியும். பாசமுள்ள தாய்க்குத் திறக்கும் அதே கதவு வழியாகத்தான் பேராசை கொண்ட சிறிய தந்தையும் நுழைவார். பேச முடியாத பிள்ளைக்காகச் சட்டமே காவல் நின்றது.

அந்த விதி இன்றுவரை அசையவில்லை. மைனர் ஒருவருக்காக அவருடைய சகோதரர் கையெழுத்திட்ட குடும்ப ஏற்பாட்டுப் பத்திரம் செல்லாது என்று 1952இல் உச்ச நீதிமன்றம் கூறியது. தாய் விற்றது செல்லாது என்று 1996இல் மீண்டும் கூறியது. பதிவு செய்த பத்திரம் என்பது இங்கே உதவாது. விற்றவருக்கு இல்லாத உரிமையைச் சார்பதிவாளரின் முத்திரை உண்டாக்கித் தராது.

சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து போன ஒரு மேல்முறையீட்டிலும் அவருடைய பேனா நம் பகுதியைத் தொட்டது. 1921இல் முடிவான அந்த வழக்கு, ஓர் இந்து மடத்தின் நிலத்தை மடாதிபதி நிரந்தரக் குத்தகைக்குக் கொடுத்தது பற்றியது. அந்தத் தீர்ப்பில் அமீர் அலீ மடாதிபதியையும் முதவல்லியையும் சேர்த்தே ஆராய்ந்தார். வக்ஃப் செய்த கணமே சொத்து அல்லாஹ்வுக்கு உரியதாகிவிடுகிறது. முதவல்லி அதன் நிர்வாகி மட்டுமே. அவர் பெயரில் பட்டா இருக்கலாம், வரி ரசீது இருக்கலாம். உரிமை அவருடையதாகாது. பள்ளிவாசல் கடைகளையும் தர்கா நிலங்களையும் பற்றிய வழக்குகளில் இன்றும் இந்தத் தீர்ப்பு எடுத்துக்காட்டப்படுகிறது.

இறுதி நாட்கள்

முதல் உலகப் போருக்குப் பின் துருக்கியின் நிலை அவரை வாட்டியது. கிலாஃபத்தின் மதிப்பைக் காக்கும்படி 1923இல் ஆகா கானோடு சேர்ந்து துருக்கியின் பிரதமர் இஸ்மத் பாஷாவுக்குக் கடிதம் எழுதினார். அது விரும்பிய பலனைத் தரவில்லை. 1928 ஆகஸ்ட் 3 அன்று இங்கிலாந்தின் சசெக்ஸ் பகுதியில் தம் 79ஆம் வயதில் காலமானார். புரூக்வுட் மையவாடியில் அடக்கம் செய்யப்பட்டார். அவருடைய நூல்களில் உள்ள சில கருத்துகளை ஆலிம்கள் மறுத்திருக்கிறார்கள். ஆங்கிலேய அரசோடு அவர் காட்டிய நெருக்கத்தை விமர்சித்தவர்களும் உண்டு. ஆனால் யதீமின் பங்கையும் வக்ஃபின் நோக்கத்தையும் காக்க அவர் செய்த பணியை யாரும் மறுத்ததில்லை.

நம் வீட்டுக்கு என்ன பாடம்?

அவருடைய வாழ்க்கையைப் படித்து முடிக்கும்போது நம் பத்திரப் பெட்டியை ஒருமுறை திறந்து பார்ப்பது நல்லது.

ஒருவர் மவ்த்தானதும் அவருடைய கடனும் வஸிய்யத்தும் போக எஞ்சியது வாரிசுகளின் சொத்து. பட்டா மூத்த மகன் பெயருக்கு மாறிவிட்டதால் நிலம் அவருடையதாகிவிடாது. பட்டா வருவாய்த்துறையின் பதிவு. உரிமையைக் காட்டுவது மூலப் பத்திரமும் அதிலிருந்து அறுபடாமல் வரும் தொடர்ச்சியும்தான். சகோதரிகளின் கையெழுத்து இல்லாமல் சகோதரர்கள் விற்றால், வாங்கியவருக்குக் கிடைப்பது விற்றவர்களின் பங்கு மட்டுமே. வில்லங்கச் சான்றில் எதுவும் தெரியவில்லை என்பதற்காகச் சகோதரியின் பங்கு இல்லாமல் போய்விடாது. அந்தச் சான்று பதிவான பத்திரங்களைத்தான் காட்டும், வாரிசுகளைக் காட்டாது.

மைனர் பிள்ளைகள் இருந்து, சொத்தை விற்றே ஆகவேண்டிய நிலை வந்தால், வழி இருக்கிறது. 1890ஆம் ஆண்டு காப்பாளர் சட்டத்தின்படி தாய் மாவட்ட நீதிமன்றத்தில் மனுச் செய்து பிள்ளைகளின் சொத்துக்குக் காப்பாளராக நியமனம் பெறலாம். பிறகு விற்பதற்கு நீதிமன்றத்தின் முன் அனுமதி பெற வேண்டும். சில மாதங்கள் ஆகும். பின்னால் வரும் இருபது வருட வழக்கைவிட அது குறைவு. உயிரோடு இருக்கும்போதே தந்தையர் தம் வஸிய்யத்தில் மனைவியைப் பிள்ளைகளின் சொத்துக்குப் பொறுப்பாளராக நியமித்துவிட்டால் இந்த அலைச்சலே குறையும். அமீர் அலீ தம் தீர்ப்பில் அந்தக் கதவையும் திறந்தே வைத்திருக்கிறார்: தந்தை நியமித்தவர் தாயாகவும் இருக்கலாம்.

ஹிபா கொடுத்தால் உண்மையாகவே கொடுத்துவிடுங்கள். வக்ஃப் சொத்தை வாங்குவதாக யாராவது சொன்னால் விலகி நில்லுங்கள். பாகப்பிரிவினையைக் கூடிய சீக்கிரம் முடியுங்கள். தாத்தா காலத்துச் சொத்தைப் பிரிக்காமல் பேரன் காலம் வரை வைத்திருந்தால், வாரிசுகள் நாலு பேரிலிருந்து நாற்பது பேராகிவிடுவார்கள். அதில் சிலர் வெளிநாட்டில் இருப்பார்கள், சிலர் மைனர்களாக இருப்பார்கள்.

சொத்து அல்லாஹ்வின் அமானிதம். பத்திரம் அந்த அமானிதத்தின் சாட்சி. நம் பிள்ளைகளின் ஹக்கையும் பிறருடைய பிள்ளைகளின் ஹக்கையும் பேணி நடக்கும் நற்பேற்றை அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக. ஆமீன்.